பஜாவ் முக்குளிப்பு: அரை நிமிடக் கணக்கு

மலேசியாவின் சபா மாநிலத்தில், தவாவ் விமான நிலையத்திலிருந்து செம்போர்னா சுமார் ஒன்றரை மணி நேரச் சாலைப் பயணம். அங்கே படகேறினால் துன் சகாரான் கடல் பூங்காவின் தீவுகளுக்குப் போகலாம். கடலை நம்பி வாழும் பஜாவ் மக்கள் மூச்சடக்கி முக்குளிப்பதைப் பார்க்கத்தான் பலர் வருகிறார்கள். 70 மீட்டர் ஆழம், ஒரே மூச்சில் 13 நிமிடம் என்று கேள்விப்பட்டு வருபவர்கள் தினசரி வேலையைக் கவனித்தால் வேறொன்று தெரியும்.

ஐந்து முதல் ஏழு மீட்டர் ஆழம். ஒரு முங்கு அரை நிமிடம்கூட வராது. மேலே வந்து இருபது நொடி மூச்சு, உடனே அடுத்த முங்கு. இப்படியே மணிக்கணக்கில் போகும். வேலை நேரத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் நீருக்கடியில்தான். அசல் திறமை இந்த ஓயாத சுழற்சியில் இருக்கிறது.

உடம்பும் ஒத்துழைக்கிறது. மூச்சடக்கி முங்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேர்த்துவைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள ஜெயா பக்தி ஊரில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், பக்கத்து சலுவான் மக்களைவிட பஜாவ்களின் மண்ணீரல் சுமார் 50 சதவீதம் பெரிது என்று தெரிந்தது. முக்குளிக்காத பஜாவ்களுக்கும் அப்படித்தான். ஆகவே இது பயிற்சியால் மட்டும் வந்ததல்ல, பரம்பரையாகவும் வருவது.

கருவிகள் எளியவை. மரத்தைக் குடைந்து கண்ணாடி ஒட்டிய நீர்க்கண்ணாடி, மரத்தாலான ஈட்டித் துப்பாக்கி, அதை இழுக்க ரப்பர் பட்டை. நீர்க்கண்ணாடி மூக்கை மூடாததால் உள்ளே காற்று ஊதிச் சமன்செய்ய வழியில்லை. ஆழம் கூடக்கூட கண்ணைச் சுற்றி இறுக்கும். காதும் அப்படியே. பத்து மீட்டரில் அழுத்தம் இரு மடங்கு. சிறுவயதிலேயே செவிப்பறை கிழிந்து, முதுமையில் காது மந்தமானவர்கள் நிறைய.

உண்மையில் ஆளைக் கொல்வது கம்ப்ரசர். டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்திலிருந்து நீளும் பிளாஸ்டிக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, கடல் அட்டைக்கும் மீனுக்கும் ஆழத்தில் நெடுநேரம் இருப்பார்கள். வேகமாக மேலேறினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி, கைகால் முடங்கும், உயிரும் போகும். இயந்திரப் புகை குழாயில் கலந்தாலும் ஆபத்துதான்.

ஏப்ரலில் நடக்கும் லெபா படகு விழாவுக்குப் போனால், குடும்பமே குடியிருந்த அந்தப் படகுகள் ஒட்டுத்துணிப் பாய்மரத் துணிகளோடு வருவதைக் காணலாம். தீவுகளில் வாழும் பஜாவ்களில் பலருக்குக் குடியுரிமைச் சான்றே இல்லை. 2024 ஜூனில் பூங்காவுக்குள் இருந்த அவர்களுடைய வீடுகள் பல இடிக்கப்பட்டன. படகோரம் வரும் பிள்ளைகளைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.