3.5 மி.மீ. ஜக்கில் ஈயம் பற்றவைத்தல்: அயனும் முனையும் தெரிவுசெய்தல்

கொழும்பில் இலத்திரனியல் பயிற்சிநெறியொன்றில் சேர்ந்து, என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) நான்காம் மட்டச் செய்முறை மதிப்பீட்டுக்குத் தயாரான நாட்களில், எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இயர்போன் கேபிளின் நுனியிலிருக்கும் செருகியான 3.5 மில்லிமீற்றர் ஸ்ரீரியோ ஜக்கில் மூன்று கம்பிகளைப் பற்றவைக்கும் வேலைதான். ஜக் சிறியதாகையால் முனையும் ஊசிபோல் கூராக இருக்க வேண்டும் என்று எண்ணி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கூம்பு முனை கொண்ட 25 வொட் சோல்டரிங் அயன் ஒன்றை வாங்கியிருந்தேன்.

மாதிரிப் பரீட்சையில் இடது, வலது கம்பிகள் இரண்டும் ஒருவாறு பிடித்துக்கொண்டன. நிலக்கம்பிக்குரிய நீண்ட தகட்டில் மட்டும் ஈயம் ஒட்டாமல் மணிமணியாய்த் திரண்டு நின்றது. பத்து வினாடிக்கு மேல் அயனை அழுத்திப் பிடித்தேன். ஈயம் தகட்டில் பிடிப்பதற்குள் உள்ளிருந்த பிளாஸ்திக் இளகி, பக்கத்துத் தகடு சரிந்து நிலத்தகட்டில் முட்டிக்கொண்டது. இரு முனைகளுக்கிடையே மின்தொடர்பு இருந்தால் ஒலிக்கும்படி மல்டிமீற்றரை வைத்தபோது, ஒலிக்கக்கூடாத இடத்தில் அது ஒலித்தது.

63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் ஈயமும் கலந்த 63/37 பற்றுஈயம் உருகுவதற்கு 183 பாகை செல்சியஸ் போதும். அந்த வெப்பம் தகட்டுக்குள் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதே கேள்வி. ஊசிமுனை தகட்டை ஒரு புள்ளியில் மட்டுமே தொடுகிறது. உளி போல் தட்டையான முனையோ தன் முகம் முழுவதாலும் படிந்து, இரண்டு மூன்று வினாடியில் வேலையை முடித்துவிடுகிறது. கடையில் 1.6டி, 2.4டி என்று குறித்த உளிமுனைகளைக் கேளுங்கள்; எண் முனையின் அகலத்தை மில்லிமீற்றரில் குறிக்கும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் நான் 2.4டியையே சொல்வேன்.

வொட் கூடினால் ஜக் கருகிவிடும் என்ற அச்சம் மாணவர்களிடம் பரவலாக உண்டு. ஆனால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் 60 வொட் சோல்டரிங் ஸ்ரேஷன் ஒன்றை 330 பாகையில் வைத்தால், தகடு உறிஞ்சிய வெப்பத்தை அது உடனே ஈடுசெய்கிறது. கட்டுப்பாடில்லாத சிறிய அயனோ, தாங்கியில் கிடக்கும்போது தேவைக்கு மேல் சூடேறி, தகட்டைத் தொட்டதும் சோர்ந்துவிடுகிறது. முனை கறுத்துவிட்டால் அரத்தால் ராவாதீர்கள். மேலிருக்கும் இரும்புப் பூச்சு போய்விட்டால் உள்ளிருக்கும் செம்பை ஈயம் விரைவில் அரித்துவிடும்.

பரீட்சை மேசையில் எனக்கு மிகவும் கைகொடுத்தது, பயன்படாத பெண் சொக்கெற் ஒன்றில் ஜக்கைச் செருகிவைத்துப் பற்றவைத்த முறையாகும். பிளாஸ்திக் சற்று இளகினாலும் தகடுகள் இடம் மாறாமல் நின்றன. மிகுதி வெப்பத்தின் ஒரு பகுதியையும் சொக்கெற் வாங்கிக்கொண்டது. கம்பிக்கும் தகட்டுக்கும் தனித்தனியே முன்னதாக ஈயம் பூசிக்கொள்வதும், ஜக்கின் மூடியை முதலிலேயே கேபிளில் கோத்துவிடுவதும் அவசியம். இயர்போன் கம்பியாக இருந்தால், இழைகளின் மேலுள்ள வர்ண எனாமல் எரிந்து போகும்வரை ஈயத்துளியில் தோய்த்தெடுக்க வேண்டும்.

மூடியை முறுக்குவதற்கு முன், கேபிளை மெல்ல அசைத்தபடியே மூன்று தொடுகைகளையும் இரண்டிரண்டாகச் சோதியுங்கள். அசைக்கும்போது மட்டும் மல்டிமீற்றர் ஒலித்தால், ஈயத்தில் பிடிபடாத இழை ஒன்று பக்கத்துத் தகட்டை உரசிக்கொண்டிருக்கக்கூடும்.