மூக்குச் சில்லு

பெப்ரவரி 9

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் சுகம்.

காலையில் இரத்மலானையில் இருந்து கிளம்பி, பொல்கொட ஏரிப் பக்கம் ஒரு சுற்று. பிளேன் பைப்பர் ஆரோ. சில்லு உள்ளே மடங்கும் வகை. திரும்பும்போது சில்லை இறக்கினேன். ஒவ்வொரு சில்லும் கீழே வந்து பூட்டினால் அதற்குரிய பச்சை வெளிச்சம் எரியவேண்டும். இடம் பச்சை, வலம் பச்சை. மூக்குச் சில்லுக்கு வெளிச்சமே இல்லை.

"தம்பி, அவசரப்படாதேயும். உயரத்தை விடாதேயும்" என்றார் பக்கத்தில் இருந்த சேர், எனக்குப் பறக்கப் பழக்குபவர்.

ஆரோவில் நேவிகேஷன் விளக்கைப் போட்டால் இந்தப் பச்சைகள் மங்கிவிடும், பகலில் அணைந்தது போலவே இருக்கும். பார்த்தோம், அது போடப்படவில்லை. மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் சரி. இடது பல்பைப் பிடுங்கி மூக்குக்குரிய இடத்தில் செருகினேன். எரியவில்லை.

அப்புறம் வேகத்தை 87 நொட்டுக்குக் கீழே கொண்டுவந்து அவசர லீவரை அழுத்தினோம். ஹைட்ரோலிக் அழுத்தம் விடுபட, சில்லுகள் தம் பாரத்திலேயே விழவேண்டும். மூக்குச் சில்லு காற்றை எதிர்த்து முன்பக்கமாக இறங்குவது என்பதால் எஞ்சினை இன்னும் குறைத்து மறுபடி பார்த்தோம். பச்சை வரவில்லை.

டவருக்குப் பக்கத்தால் தாழப் பறந்தோம். "மூன்றும் கீழே தெரிகிறது" என்றார்கள். தெரியும்தான். பூட்டியிருக்கிறதா என்று பைனாகுலரால் சொல்ல ஏலுமா?

ஆரோவுக்கு ஒரே கதவு, வலப்பக்கம். இறங்க முன் சேர் இரண்டு தாழ்ப்பாளையும் கழற்றி, இடுக்கில் வரைபடத்தை மடித்துச் செருகினார், அடிபட்டால் கதவு இறுகிவிடக் கூடாதென்று. பின்சில்லுகள் தொட்டதும் எஞ்சினை நிறுத்திப் பெற்றோலை அடைத்தார். நான் ஸ்டியரிங்கை வயிறுவரை இழுத்துப் பிடித்திருந்தேன். மூக்கு தானாகத்தான் தாழ்ந்தது. சில்லு மடங்கவில்லை.

தீயணைப்பு வண்டிக்காரர் சிரித்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெப்ரவரி 10

"கடல் பக்கத்தில்தானே, அதில் இறக்கியிருக்கலாமே" என்று வெள்ளவத்தை மாமா. தொங்கும் சில்லு தண்ணீரில் மாட்டினால் பிளேன் குப்புறக் கவிழும், மாமா. ஓடுபாதையில் மூக்கு மடங்கினால் பெரும்பாலும் போவது புரொப்பெல்லரும் எஞ்சினும்தான். 2011 நவம்பரில் வார்சோவில் ஒரு போயிங் 767 சில்லே இல்லாமல் வயிற்றால் இறங்கி, 231 பேரும் தப்பினார்கள். அதில் ஒரு பிரேக்கர் விழுந்து கிடந்தது பிறகுதான் தெரிந்தது. சேர் பிரேக்கரைப் பார்க்கச் சொன்னது சும்மா இல்லை.

பெப்ரவரி 12

ஜாக்கில் ஏற்றியாயிற்று. சில்லு ஒழுங்காகப் பூட்டுகிறது. பூட்டியதைச் சொல்லும் சின்ன சுவிட்ச்தான் பழைய கிறீஸும் மண்ணும் அப்பி அசையாமல் நின்றிருக்கிறது. மெக்கானிக் அண்ணர் விரலால் அமத்த, பச்சை எரிந்தது.

துடைத்துப் போட்டால் போதாதா என்கிறார் பிளேன்காரர். புதிது மாட்டாமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்கிறார் மெக்கானிக். நான் மெக்கானிக் பக்கம். சுவிட்ச் வரும்வரை பிளேன் ஹேங்கரில்தான்.