நடவுக்கு முன்பே ஒரு விலை

“சரி சார், அடுத்த போகத்துக்கு நீங்க சொல்ற ரகத்தையே நடறேன். இன்ன விலைக்கு எடுத்துக்கிறோம்னு எழுதித் தருவீங்களா?”

2023 செப்டம்பரில், ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் எங்கள் தக்காளிக் கூழ் ஆலையின் எடைமேடை அருகே நின்று கேட்டது. கொள்முதல் என் பொறுப்பு. “மேல கேட்டுச் சொல்றேண்ணா” என்றேன். மேலே என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

அன்று அவர் கொண்டுவந்த தக்காளிக்கு நான் விலையைக் குறைத்தது நியாயம்தான். பழத்தைப் பிழிந்து, சாற்றில் தண்ணீர் போகக் கரைந்திருக்கிற சர்க்கரை முதலான சத்து எத்தனை சதவீதம் என்று காட்டுகிற பிரிக்ஸ் மீட்டரில் ஒரு சொட்டு விட்டால் நாலைத் தொடவில்லை. லாரியில் நசுங்காமல் போவதற்கென்றே வந்த கெட்டித்தோல் ஹைபிரிட் அது. ஐந்து பிரிக்ஸ் இருந்தால் ஆறு கிலோவில் ஒரு கிலோ பேஸ்ட் எடுக்கலாம். இதற்கு எட்டு கிலோ போட வேண்டும். கூடுதல் தண்ணீரை வற்றவைக்கிற நீராவிக்கு யார் காசு கொடுப்பது?

இதையெல்லாம் சொன்னேன். ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது, சரக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தவர்களிடமிருந்து ஒரு பெட்டிகூட வரவில்லை என்பதையும் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “பதினோரு மாசம் நீங்க எங்களைத் தேடறதில்ல. ஒரு மாசம் நாங்க வரலைன்னா அது மட்டும் கணக்கா?”

அதற்கு இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் விவசாயிகள் சங்கமும் ஆலைகளும் நடவுக்கு முன்பே பேசி முடித்த விலை டன்னுக்கு (அங்கே ஒரு டன் சுமார் 907 கிலோ) 138 டாலர். நம் கணக்கில் கிலோவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய். எங்கள் வாசலில் அன்று நான் போட்ட விலை அதில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே ஆலைக்கென்றே வளர்க்கிற ரகம், இயந்திர அறுவடை. மண்டிக்கு ஓடிவிட வழியில்லை. இங்கே ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டன் விளைகிறது. சீனாவுக்கு அடுத்து நாம்தான். அதில் பெரும்பகுதி சமையலறைக்குப் போகிற பழம். ஆலைக்கு வருவது சொற்பம். இப்படி இருக்கையில் எந்த முதலாளி எழுதிக் கொடுப்பார்?

இப்படி என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அப்புறம் இன்னொன்று தோன்றும். விலை ஏறிய அந்த ஜூலையில் சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது அரசு. வாங்குகிறவருக்கு உடனே கை நீள்கிறது. பறிக்கிற கூலிகூடத் தேறாத மாதத்தில் விளைவித்தவர் எங்கள் எடைமேடைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. அவசரத்தில் வருகிறவரிடம் பேரம் பேசுவதை ‘கொள்முதல்’ என்று சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன்.

பாதிச் சரக்குக்கு எழுதின விலை, மீதிப் பாதிக்கு அன்றன்றைய சந்தை விலை என்று ஒரு யோசனையை மேலே கொடுத்தேன். “மறுபடி நூறு ரூபாய் ஆனா அந்தப் பாதி வருமா?” என்றார் மேலாளர். அந்த விவசாயி கொண்டுவருவார் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் சேர்த்து என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அவர் அப்புறம் எங்கள் ஆலைக்கு வரவும் இல்லை.