வளர்ச்சி இல்லை

என் முதல் வருட ஆய்வு நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. பூஞ்சை வளர்க்க வைத்த 24 பெட்ரி தட்டுகளின் எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வளர்ச்சி இல்லை', கீழே தேதியும் என் கையெழுத்தும். அந்த 24 வரிகளில் 19 தவறு.

மாதிரிகள் ஆர்க்டிக்கில் இருக்கும் நார்வேயின் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டிலிருந்து வந்தவை. அந்தக் கோடையில் மண் எடுக்கப் போன குழுவில் நானும் இருந்தேன். நாங்கள் தங்கியது நை-ஓலெசுண்டில். வடக்கே 79 பாகையை ஒட்டி இருக்கும் சின்னக் குடியிருப்பு அது. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம். 1962-இல் நடந்த வெடிவிபத்துக்குப் பிறகு மூடிவிட்டார்கள். இப்போது பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அங்கே இருக்கின்றன, இந்தியாவின் ஹிமாத்ரியும் 2008 முதல். ரேடியோ தொலைநோக்கி வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் இடம் என்பதால் வைஃபை, புளூடூத் எதற்கும் அனுமதி இல்லை. வீட்டுக் கதவுகளைப் பூட்டுவதும் இல்லை. பனிக்கரடி வந்தால் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழையலாம். எல்லையைத் தாண்டி நடக்க வேண்டுமென்றால் துப்பாக்கியோடு ஒருவர் கூட வர வேண்டும். நடைமுறையில் கரடியைவிடத் தொந்தரவு கொடுத்தவை ஆலாப் பறவைகள். கூடு இருக்கும் பக்கம் தெரியாமல் போய்விட்டால் தலையிலேயே கொத்தும்.

பூஞ்சை தேடி இவ்வளவு தூரமா என்று கேட்டவர்களுக்கு நான் காட்டுவது ஆகஸ்டில் எடுத்த ஒரு படம். அங்கே மரம் என்று சொல்ல இருப்பது பெரும்பாலும் துருவ வில்லோதான். தரையோடு தரையாகப் படர்ந்து, சில சென்டிமீட்டர் உயரத்திலேயே நின்றுவிடும். அதன் வேரோடு கூட்டு வைத்திருக்கும் காளான்கள் குடை விரிக்கும்போது மரத்தைவிட உயரமாக இருக்கும். காளான் நிழலில் ஒரு காடு! அந்தப் படத்தைப் பார்த்த பிறகு யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

எங்களுக்கு வேண்டியவை கண்ணுக்குத் தெரியாதவை. பனியாறு பின்வாங்கி வெளியே வந்த மண்ணில் வாழும் ஈஸ்ட்டுகளும் இழைப் பூஞ்சைகளும். வேலை எளிது, ஆனால் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கரண்டியை ஆல்கஹாலில் துடை, கையுறையை மாற்று, காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் உட்கார். மறந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் நம் சட்டையில் இருப்பதெல்லாம் மாதிரிக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு இடத்திலும் கிருமி நீக்கிய தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து, கொஞ்ச நேரம் வைத்து, மூடி, மற்ற மாதிரிகளோடு சேர்த்துக்கொண்டு வர வேண்டும். இதற்கு வெற்று மாதிரி என்று பெயர். இதில் ஏதாவது வளர்ந்தால் அது மண்ணிலிருந்து வந்ததல்ல, வழியில் ஒட்டிக்கொண்டது. பாதிக் கனம் தண்ணீருக்காகச் சுமக்கிறோமே என்று அப்போது எரிச்சலாக இருந்தது.

ஊர் திரும்பி மண்ணைக் கரைத்து, அகார் என்ற ஊட்டக் கூழ் ஊற்றிய தட்டுகளில் பரப்பினேன். வெற்று மாதிரிகளையும் அப்படியே. ஒரு தொகுதி 25 டிகிரி இன்குபேட்டருக்குப் போனது, இன்னொன்று 4 டிகிரி குளிர் அறைக்கு. நாலாம் நாள் 25 டிகிரித் தட்டுகளில் பச்சைப் பச்சையாக வட்டங்கள். பென்சிலியம் என்ற பூஞ்சை, அழகாக. அன்று முழுவதும் ஆர்க்டிக் பூஞ்சையைப் பிடித்துவிட்ட பெருமையில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் மூத்த ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வெற்றுத் தட்டு எங்கே?"

எடுத்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு பச்சை!

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. பாட்டில்கள் வந்த அட்டைப்பெட்டிதான் காரணம். ஈரம் பட்டுக் காய்ந்த அட்டை பூஞ்சை வித்துகளின் கிடங்கு என்பதை அப்படித்தான் கற்றேன். இன்றும் எங்கள் மாதிரி அறைக்குள் அட்டைப்பெட்டியை விடுவதில்லை. ஆனால் பென்சிலியம் என்றாலே கலப்படம் என்று தூக்கிப்போட்டுவிடவும் முடியாது. அதுதான் கொடுமை. ஸ்வால்பார்டின் பனியாறுகளுக்கு அடியில் இருக்கும் பனியில் பென்சிலியம் க்ரஸ்டோசம் ஏராளமாக இருப்பதை ஸ்லோவேனியாவின் நீனா குண்டே-சிமர்மன் குழு காட்டியிருக்கிறது. ஒரே குடும்பப் பெயர். ஒருவர் அந்த ஊர்க்காரர், இன்னொருவர் என் பெட்டியில் ஏறி வந்தவர். முகத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

4 டிகிரித் தட்டுகளில் மூன்று வாரம் கழித்தும் ஒன்றும் இல்லை. நோட்டில் எழுதி, பையில் கட்டி, அழிப்பதற்காக வைத்தேன். அந்த வாரம், நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவின் ரப்பர் வளையம் போய்விட்டது. புது வளையம் வாங்குவதற்கான கோப்பு எந்த மேசையில் தூங்கியதோ, இரண்டு மாதம் ஆனது. அதுவரை பை குளிர் அறையின் கீழ்த்தட்டிலேயே கிடந்தது. அலுவலகத்தின் மெத்தனத்துக்கு நான் நன்றி சொல்ல நேர்ந்தது அந்த ஒரு முறைதான். பையை மறுபடி தூக்கியபோது தட்டுகளில் குண்டூசித் தலை அளவில் புள்ளிகள். பாலாடை நிறத்தில் சில, ரோஸ் நிறத்தில் சில, சாம்பல் நிறத்தில் மெத்மெத்தென்று சில. 19 தட்டுகளில் இருந்தன. வெற்றுத் தட்டுகளில் ஒன்றிலும் இல்லை.

பாலாடை நிறத்தவை மிராக்கியா என்ற ஈஸ்ட். சாம்பல் நிறத்தவை சூடோஜிம்னோஅஸ்கஸ். இரண்டுமே துருவ மண்ணில் பெயர் போனவை. இரண்டாவதின் நெருங்கிய உறவு ஒன்று குகைக் குளிரில் தூங்கும் வௌவால்களைத் தாக்கி வட அமெரிக்காவில் லட்சக்கணக்கில் கொன்றிருக்கிறது. மிராக்கியாவைப் போன்ற குளிர்விரும்பிகளுக்கு 15 டிகிரியோ அதற்குக் கீழோதான் சுகம். 20-ஐத் தாண்டினால் வளராது. நான் 25-இல் வைத்த தொகுதியில் மண்ணின் சொந்தக்காரர்களை அடக்கிவிட்டு, வந்தேறிகளுக்கு மெத்தை விரித்திருக்கிறேன்.

அவற்றைக் குளிரைத் தாங்குபவை என்று சொல்வதே எனக்கு இப்போது சரியாகப் படவில்லை. தாங்குவது நம் பார்வை. பனி முழுதாக உறைவதில்லை. நீர் படிகமாகும்போது உப்புகளை வெளியே தள்ளும், படிகங்களுக்கு நடுவே மயிரிழை போன்ற உப்புநீர்க் கால்வாய்கள் திரவமாகவே இருக்கும். அதற்குள் வாழ்க்கை நடக்கும். செல் சவ்வு இறுகிவிடாமல் இருக்க நிறைவுறா கொழுப்பு, உள்ளே நீர் உறையாமல் இருக்க கிளிசராலும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையும், சிலவற்றில் பனிப் படிகத்தைப் பெரிதாக விடாமல் பிடித்துக்கொள்ளும் புரதம். உண்மையான அடி குளிரில் இல்லை. உறைந்து, உருகி, மறுபடி உறைவதில்தான். ஆய்வகத்தில் நாமும் அதையே செய்கிறோம். மாதிரியை மைனஸ் 20-இலிருந்து எடுத்து, கொஞ்சம் சுரண்டி, திரும்ப வைத்து, அடுத்த வாரம் மறுபடி எடுத்து. அதனால் முதல் நாளே சின்னச் சின்ன குப்பிகளாகப் பிரித்துவிடுவேன்.

அப்புறம் டிஎன்ஏ வரிசை பார்க்கும் காலம் வந்தது. பூஞ்சைகளை அடையாளம் காண ஐடிஎஸ் என்ற பகுதியைப் பொதுக் குறியீடாக வைத்துக்கொள்ளலாம் என்று 2012-இல் முடிவாகி, எல்லோரும் அந்த வழியில் இறங்கினார்கள். தட்டும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். நாங்களும் செய்தோம். ஒரு சிட்டிகை மண்ணில் நூற்றுக்கணக்கான பெயர்கள். பட்டியலைப் படித்தால் சிரிப்பு வந்தது. உயர்ந்த மரமே இல்லாத தீவின் மண்ணில் காட்டு மரத்தை உண்ணும் காளான்களின் பெயர்கள். காற்றில் வந்து விழுந்த வித்துகள், எப்போதோ செத்தவற்றின் டிஎன்ஏ, எல்லாவற்றையும் குளிர் பத்திரமாக வைத்திருக்கிறது. அங்கே எதுவும் சீக்கிரம் மட்காது. பட்டியல் பெயரைச் சொல்லும். உயிரோடு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று சொல்லாது. உயிருள்ள செல் வேலை செய்யும்போது உருவாக்கும் ஆர்என்ஏவை எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் தெரியும், அதை உறைமண்ணிலிருந்து கெடாமல் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இந்த ஊர்க்காரர்-வந்தவர் குழப்பத்தில் எனக்குப் பிடித்த கதை தென் துருவப் பக்கம் நடந்தது. அண்டார்க்டிகாவின் ராஸ் தீவில் துருவப் பயணிகள் ஸ்காட்டும் ஷாக்கில்டனும் 1902-க்கும் 1911-க்கும் இடையில் கட்டிய மரக்குடில்கள் இன்னும் நிற்கின்றன. அவ்வளவு குளிரில் மரம் உளுக்காது என்றுதான் நினைத்திருந்தார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிளாஞ்செட் குழு போய்ப் பார்த்தபோது, தரையைத் தொடும் பலகைகளில் மென்னழுகல். காரணம் கேடோஃபோரா இனப் பூஞ்சைகள். மரம் கப்பலில் வந்தது, அப்படியானால் பூஞ்சையும் கூடவே வந்திருக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் குடில்களிலிருந்து தள்ளியிருக்கும் மண்ணிலும் கேடோஃபோரா கிடைத்தது. மரமே கண்டிராத மண்ணில் கிடைத்த பாசியையும் மற்றதையும் தின்று வாழ்ந்தவை, மனிதன் பலகை கொண்டு வந்ததும் பந்தியில் உட்கார்ந்துவிட்டன. இங்கே விருந்தாளி மரம்தான்.

நான் சந்திக்க ஆசைப்படுவது க்ரையோமைசிஸ் அண்டார்க்டிகஸை. அண்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில், மணற்கல்லின் துளைகளுக்குள் வாழும் கறுப்புப் பூஞ்சை. சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் 18 மாதம் வைத்து 2009-இல் கீழே கொண்டு வந்த பிறகும் அதில் ஒரு பகுதி வளர்ந்தது. ஆய்வகத்தில் ஒரு சிறு கறுப்பு முடிச்சு அளவுக்கு வரவே மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளுமாம். மூன்று வருட ஆய்வு நிதிக்குள் அதை வளர்த்து, படித்து, கட்டுரை எழுதுபவர்களுக்கு என் வணக்கம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை கேட்கும் படிவத்தில் 'காத்திருக்கிறோம்' என்று நிரப்ப ஒரு கட்டம் கிடையாது.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவி, மூன்று வாரம் ஆகிவிட்டது, தட்டுகளைக் கழித்துவிடட்டுமா என்று கேட்டாள். தேதி போட்டு 'இதுவரை இல்லை' என்று எழுதச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே கீழ்த்தட்டைக் காட்டி, அந்தப் பழைய ஐந்து தட்டுகள் யாருடையவை என்றாள். என்னுடையவை. 24-இல் மிச்சம் இருந்த அந்த ஐந்து. அகார் வற்றித் தோல் மாதிரி ஆகிவிட்டது, இனி அதில் எதுவும் வளர வாய்ப்பில்லை என்று எனக்கே தெரியும். போடச் சொன்னால் போட்டுவிடுவேன். இதுவரை யாரும் சொல்லவில்லை.