நூலும் கல்லும்: எட்டாம் வகுப்பு நாட்குறிப்பு

ஜூலை 8, திங்கள்

நாளை ஊசல் பாடம். புத்தகத்தில் ஒரு படம், ஒரு சூத்திரம். கரும்பலகையில் எழுதிப்போட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நான்கு வகுப்பு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். நூல்கண்டு, ஆறு கல், மீட்டர் அளவுகோல், நேரம் பார்க்க இரவல் வாங்கிய கைபேசிகள். போதும்.

ஜூலை 9, செவ்வாய்

ஒரு மீட்டர் ஊசல், சின்ன வீச்சில் பத்து அலைவு, எத்தனை விநாடி? 20 வர வேண்டும். மூன்று குழுவுக்கு 18 வந்தது. ஒரு குழுவுக்கு 20.6.

காரணம் சொல்லிவிட நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு 18 வந்த குழுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கல்லை விடும்போதே ‘ஒன்று’ என்கிறார்கள். போய்த் திரும்பி வந்ததும் ‘இரண்டு’. மூன்றாவது தடவை செய்யும்போது ஒரு பையன் விரலை மடக்கிப் பார்த்தான். “டேய், விடும்போது இன்னும் ஒண்ணுகூட ஆடலையேடா! ஒம்பதுதான்டா எண்ணியிருக்கோம்!” அப்புறம் ‘பூஜ்யம்’ சொல்லித்தான் விட்டார்கள். பக்கத்துக் குழுக்களுக்கும் அவனே ஓடிப்போய்ச் சொன்னான்.

20.6 குழு நூலை முடிச்சு வரை அளந்திருந்தது. அவர்கள் கல் பெரியது. அதன் நடுப்பகுதி முடிச்சுக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு மணி அடிக்கும்வரை ஆனது.

ஜூலை 10, புதன்

கனமான கல் வேகமாக ஆடும் என்று ஏறக்குறைய எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். கல்லை மாற்றி, நடுப்பகுதி வரை ஒரு மீட்டர் வைத்து ஆட்டினோம். அதே 20.

ஜூலை 11, வியாழன்

நீளத்தைப் பாதியாக்கினால் நேரமும் பாதி, 10 விநாடி என்பது எல்லாரின் ஊகம். வந்தது 14. “தப்பா வருது சார்” என்று இரண்டு குழு நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டின. மறுபடியும் 14.

கடைசி வரிசைப் பெண் ஒருத்தி யாரிடமும் கேட்காமல் நூலைச் சுருக்கிக்கொண்டே போனாள். 40, 30, 25. “கால்வாசி ஆக்கினாத்தான் சார் பாதி நேரம் வருது!” நேரம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்பதை அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன். கலிலியோ 1638-இல் அச்சிட்ட விதி இது என்றதும் அவள் குறிப்பேட்டை ஒருமுறை திரும்பப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு மீட்டர் ஊசல் ஒரு பக்கம் போக ஏறக்குறைய ஒரு விநாடி எடுக்கும். மீட்டரையே இப்படி ஊசலால் வரையறுக்கலாம் என்று பிரான்சில் 1790-இல் யோசித்தார்கள். பிறகு பூமியின் அளவை எடுத்துக்கொண்டார்கள். இதையும் சொன்னேன். பாடத்தில் இல்லாததுதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 15, திங்கள்

“பத்து அலைவுக்கு 40 விநாடி வேண்டுமானால்?” என்று கேட்டு வைத்திருந்தேன். நான்கு மீட்டர் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார்கள். மாடிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டோம். முதல் தடவை காற்றில் கல் வட்டமடித்தது. காற்று அடங்கக் காத்திருந்து, மெதுவாக விட்டார்கள். கீழே முப்பது பேரும் சேர்ந்து, “பூஜ்யம்...”

40.2.