மாருதி 800: முன்பக்க ஆக்ஸில் மாற்றிய அனுபவம்

வளைவில் திரும்பும்போது சத்தம் வருகிறது என்று சொன்னாலே போதும், மெக்கானிக்குகள் வண்டியைப் பார்க்காமலே "ஆக்ஸில் போச்சு சார்" என்பார்கள். ஆக்ஸில் என்பது கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு; சக்கரத்துப் பக்கம் வெளி ஜாயின்ட், கியர்பாக்ஸ் பக்கம் உள் ஜாயின்ட். மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் எந்தப் பக்கம், வெளி ஜாயின்ட்டா உள் ஜாயின்ட்டா என்று தெரியாமல் கடைக்குப் போனால் காசுதான் வீண்.

எங்களுடையது 2004 மாடல் மாருதி 800. காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டம் அடித்துப் பார்த்தேன். இடது பக்கம் சுற்றினால் அமைதி. வலது பக்கம் சுற்றி லேசாக ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இடது முன்சக்கரத்திலிருந்து பாக்கு வெட்டுகிற மாதிரி டக், டக், டக். காலை எடுத்தால் சத்தம் குறைகிறது, மிதித்தால் கூடுகிறது. வலப்பக்கம் திரும்பும்போது சுமை ஏறுவது வெளிவட்டத்தில் ஓடும் இடது சக்கரத்தின் மேல். ஆகவே இடது ஆக்ஸிலின் வெளி ஜாயின்ட். உள் ஜாயின்ட் போயிருந்தால் இப்படித் திருப்பத்தில் கத்தாது, நேர்ச்சாலையில் வேகம் எடுக்கும்போது வண்டி உதறும்.

ஜாக்கி போட்டு டார்ச் அடித்துப் பார்த்ததில் சந்தேகம் தீர்ந்தது. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், மடிப்போடு மடிப்பாகக் கிழிந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ் ரிம்மின் உட்புறத்தில் வட்டமாகத் தெறித்து, அதன் மேல் தெருப்புழுதி அப்பியிருந்தது. பாவம், அந்த ஜாயின்ட் எத்தனை மாதம் மண்ணை மென்றதோ.

இந்த ஜாயின்ட்டைப் பற்றி இரண்டு வரி. அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு 'கிராஸ்' தெரியும், பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான தண்டில் இருக்கும் மூட்டு. அது கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடும், குறையும். பின்சக்கர வண்டியில் கோணம் சின்னது, அதனால் ஓட்டிவிடலாம். முன்சக்கரமோ இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதற்காக 1920களில் ஆல்ஃபிரட் செப்பா வடிவமைத்ததுதான் ஆறு குண்டுகள் வைத்த சிவி (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி, மாறாத வேகம்) ஜாயின்ட். எவ்வளவு ஒடித்தாலும் குண்டுகள் ஆறும் இரண்டு தண்டுகளுக்கு இடைப்பட்ட கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும், அதனால் உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்று. 1959இல் வந்த மினி காருக்குப் பிறகு இது சின்ன கார்களில் சாதாரணமாகிவிட்டது. குண்டு ஓடும் பள்ளங்களுக்கு ஒரே எதிரி மண். பூட் முழுசாக இருக்கும்வரை ஜாயின்ட் பல வருடம் உழைக்கும்.

அடுத்து என்ன வாங்குவது என்ற யோசனை. பூட் மட்டும், வெளி ஜாயின்ட் கிட், சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஆக்ஸில், இல்லை முழுப் புது ஆக்ஸில். சத்தம் ஆரம்பித்த பிறகு பூட் மட்டும் மாற்றுவது என் கணக்கில் வீண் வேலை. பள்ளம் தேய்ந்துவிட்டது, புது கிரீஸ் அதை நிரப்பாது. புதுப்பேட்டைச் சரக்கில் கம்பெனி இரும்பு கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த பூட்டுக்குள் எத்தனை வருஷத்து கிரீஸ் என்று யார் சொல்வது? ஜாயின்ட் கிட் மலிவு. அதற்கும் ஆக்ஸிலை வெளியே எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பிறகு பழைய தண்டோடும் பழைய உள் ஜாயின்ட்டோடும் மல்லுக்கட்டுவானேன் என்று முழு ஆக்ஸிலே வாங்கினேன்.

ஜிபி ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் முதலில் கேட்டது, "எந்த வருஷம் சார், நாலு கியரா அஞ்சு கியரா, எந்தப் பக்கம்?" கியர்பாக்ஸ் வண்டியின் நடுவில் இல்லாததால் இரண்டு ஆக்ஸிலும் ஒரே நீளம் கிடையாது. அதனால் பக்கம் சொல்லாமல் வாங்கவே முடியாது. கூடவே கியர்பாக்ஸ் ஆயில் சீல், புது ஹப் நட் (ஆக்ஸிலைச் சக்கரத்தின் மையமான ஹப்போடு இறுக்கும் நட்), கியர் ஆயில். ஆயிலில் ஒரு விஷயம்: டப்பாவில் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ஜிஎல்-5இல் கந்தகச் சேர்மானம் அதிகம். பழைய கியர்பாக்ஸில் இருக்கும் பித்தளை வளையங்களுக்கு அது ஆகாது.

சனிக்கிழமை மாலை

அன்றைக்கு எடுத்துக்கொண்டது ஒரே வேலை, ஹப் நட்டை இளக்குவது. சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது இது. ஜாக்கியில் தூக்கிவிட்டு இந்த நட்டோடு பலப்பரீட்சை செய்தால் வண்டி சரிந்துவிடும்.

நட்டின் விளிம்பு, ஆக்ஸில் மரையில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் அடித்து மடக்கப்பட்டிருக்கும். தானாகக் கழலாமல் இருக்க அதுதான் பூட்டு. துருவையும் சேற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் அந்த மடிப்பே கண்ணுக்குத் தெரிந்தது. முனை மெல்லிய உளியைப் பள்ளத்தின் வாக்கில் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி மேலே நிமிர்த்தினேன். உளி குறுக்கே திரும்பினால் மரை போய்விடும் என்பதால் இதில் அவசரமே கூடாது. துருநீக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டு உள்ளே போய் காபி குடித்துவிட்டு வந்தேன்.

சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை இந்த இறுக்கத்துக்கு வழுக்கிவிடும். நட்டை வெர்னியரால் அளந்து, அதற்கென்றே ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மைத்துனன் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ள, நான் கைப்பிடியில் தொங்கினேன். அசையவில்லை. அப்புறம் ஒரு மீட்டர் நீள ஜிஐ பைப்பைக் கைப்பிடியில் செருகினோம். 70 கிலோ ஆள் அதன் நுனியில் தன் முழு எடையையும் போட்டால் கிட்டத்தட்ட 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும்.

"மாமா, நீங்க பிரேக்க மிதிங்க, நான் ஏறட்டுமா?"

"ஏறி குதிக்காதே, மெதுவா அழுத்து."

படார் என்று ஒரு சத்தம். பைப்தான் உடைந்ததோ என்று இரண்டு பேரும் பயந்து பார்த்தோம். நட் கால் சுற்று நகர்ந்திருந்தது. அத்தோடு விட்டுவிட்டோம். இதற்கு மேல் கழற்றி வண்டியை உருட்டக் கூடாது. வீல் பேரிங்கை அழுத்திப் பிடித்திருப்பதே இந்த நட்தான்.

ஞாயிற்றுக்கிழமை

பின்சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், ஜாக்கி, சேஸிக்கு அடியில் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

கியர் ஆயிலை வடிப்பதற்கு முன் மேலே நிரப்பும் போல்ட்டைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அது துருப்பிடித்து வராமல் போய், கீழே ஆயில் எல்லாம் வடிந்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். எங்களுக்கு அந்த போல்ட் கழன்று வந்தது. வடிந்த ஆயில் கறுப்பு, ஆனால் இரும்புத்தூள் இல்லை.

அடுத்து சக்கரம் அசையும் அளவுக்கு இடம் விட வேண்டும். வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் பிராக்கெட் போல்ட்டுகளைக் கழற்றினால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) கீழே இறங்க வழி கிடைக்கும். ஆர்மின் நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட்டின் தண்டு, சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் நக்கிளில் ஒரே போல்ட்டால் கவ்வப்பட்டிருக்கிறது. போல்ட்டை உருவியதும் வந்துவிடும் என்பது புத்தகத்தில்தான். இருபது வருஷத் துரு அதை வெல்டு வைத்தது போலப் பிடித்திருந்தது. நக்கிளின் பிளவில் உளியை லேசாகத் தட்டி வாயைத் திறந்து, எண்ணெய் விட்டு, ஆர்மின் மேல் நீளக் கம்பியை வைத்து நெம்பினோம். நெம்பு, தட்டு, எண்ணெய், மறுபடி நெம்பு. காலை வேலையில் பாதி இதிலேயே போய்விட்டது. பால் ஜாயின்ட்டின் ரப்பரில் கம்பி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது கிழிந்தால் இன்னொரு செலவு.

ஆர்ம் கீழே இறங்கிய பிறகு மிச்சமெல்லாம் சுலபம். ஹப் நட்டை மரையின் நுனியோடு சமமாக நிற்கும்படி விட்டு, அதன் மேல் மரக்கட்டை வைத்துத் தட்டினால் ஆக்ஸில் ஹப்பிலிருந்து பின்னால் வழுக்கும். நட்டை எடுத்துவிட்டு நக்கிளை வெளியே இழுத்தால் வெளிமுனை கையில். உள்முனையில் ஒரு சின்ன சர்க்ளிப் (ஸ்பிரிங் வளையம்) பிடித்திருக்கிறது. கியர்பாக்ஸ் உடம்புக்கும் ஜாயின்ட்டுக்கும் இடையில் தட்டையான கம்பியை வைத்து ஒரு சுண்டு சுண்டியதும் டப்பென்று விட்டது. தண்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட் கழன்று தனியாக வந்துவிடும், ஜாயின்ட்டைத்தான் நெம்ப வேண்டும்.

புதியதையும் பழையதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நீளம், பல் எண்ணிக்கை, சர்க்ளிப் பள்ளம் எல்லாம் ஒப்பிட்டேன். ஒத்துப்போனது. பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, அதே விட்டத்தில் ஒரு சாக்கெட்டை வைத்துப் புதியதைச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினேன். சீல் உதட்டில் விரலால் கொஞ்சம் கிரீஸ். ஆக்ஸிலின் பற்கள் அந்த உதட்டை உரசாமல் நேராகப் போக வேண்டும். கோணலாகப் போனால் அடுத்த வாரமே தரையில் ஆயில் சொட்டும். நேராகப் பிடித்து, பற்கள் சேரும்வரை மெல்லத் திருப்பி, உள்ளே ஒரு தள்ளு. சர்க்ளிப் உட்கார்ந்த 'டிக்' கையில் தெரிந்தது. ஜாயின்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. சரி, உட்கார்ந்துவிட்டது.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ், அதை விவரிக்கப் போவதில்லை. ஹப் நட்டை மட்டும் சொல்ல வேண்டும். பழைய நட்டை மறுபடி போடக் கூடாது, மடித்த விளிம்பு இரண்டாம் முறை பிடிக்காது. புது நட்டைச் சக்கரம் தரையைத் தொட்டபிறகு டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு இறுக்கினேன். பெரும்பாலான சின்ன கார்களில் இது 150 நியூட்டன் மீட்டருக்கு மேல்தான் இருக்கும், உங்கள் வண்டியின் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்கணக்கில் குறைவாக விட்டால் பேரிங் சீக்கிரம் போகும். பிறகு விளிம்பைப் பள்ளத்துக்குள் அடித்து மடக்கினேன். வண்டி சமதரையில் நிற்க, கியர் ஆயிலை நிரப்பும் துளையின் விளிம்பு தொட்டு வழியும்வரை விட்டேன்.

அதே மைதானம், அதே வட்டம். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து மிதித்தும் சத்தமில்லை. வேகம் எடுக்கையில் உதறலும் இல்லை. மறுநாள் காலை அடியில் விரித்து வைத்திருந்த அட்டையில் சொட்டு எதுவும் இல்லை.

பழைய ஜாயின்ட்டை மண்ணெண்ணெயில் கழுவிப் பிரித்துப் பார்த்தேன். குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டைச் சாய்த்தால் குண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். குண்டுகளில் பெரிய சேதமில்லை. பள்ளங்களில்தான் சக்கரம் நேராக நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நகம் இடறும் அளவுக்குக் குழி. திருப்பத்தில் மட்டும் சத்தம் வந்ததற்குக் காரணம் அந்தக் குழிதான்.

வலப்பக்க பூட் இன்னும் கிழியவில்லை, ஆனால் மடிப்பை விரித்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள். அங்கே ஜாயின்ட்டில் ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. அதனால் பூட், கிளிப், கிரீஸ் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். மழை தொடங்குவதற்குள் அந்தப் பக்கத்தைக் கழற்ற வேண்டும்.