யாருடைய கொழுந்து

அந்த அக்கா கோபமாகக் கேட்கவில்லை. கொழுந்தெடுப்பவர்கள் உடுத்தும் சாக்குத் துணியான படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அப்படியென்றால் ஐயா, முன்பு நீங்கள் போட்டுக் கொடுத்தது யாருடைய கொழுந்து?"

நான் இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தை நிறுத்துக் கணக்கு வைக்கும் கணக்கப்பிள்ளை. நான் பேசிக்கொண்டிருந்தது அவரோடு அல்ல. தராசின் முன்னால் நின்றவர் வேறொருவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு மூன்று வருடங்கள் இருந்த ஓர் அம்மா, முழங்கால் வீக்கத்தோடு மலை ஏறுகிறவர். மாலை நிறுவை அது. மூன்று நிறுவையும் சேர்த்து 17.4 கிலோ என்று திரையில் விழுந்தது. தோட்டத்தின் எங்கள் பிரிவில், அதாவது டிவிசனில், ஒரு பேருக்கு (முழு நாள் சம்பளத்துக்கு) 18. அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடங்களாக எனக்குப் பழக்கமான பார்வை அது. நான் கையை விரித்தேன். "முன்பென்றால் குறைந்த எடையைப் போட்டுக் கொடுத்திருப்பேன் அம்மா. இப்போது என் கையில் ஒன்றுமில்லை." ஆறுதலாகத்தான் சொன்னேன். கொஞ்சம் பெருமையும் அதில் கலந்திருக்கும். அதற்குத்தான் வரிசையில் அடுத்து நின்ற அக்கா அப்படிக் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. "அடுத்த ஆள் வாருங்கள்" என்றேன். அடுத்த ஆளே அவர்தான்.

தொங்கு தராசுக் காலத்தில் கணக்கப்பிள்ளையின் திறமை எதுவென்று என்னைக் கேட்டால், மலையைத் தெரிந்து வைத்திருப்பதையோ, விலாங்கு மீனைப் போல நழுவும் ஆட்களைக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வரவைப்பதையோ சொல்ல மாட்டேன். நிறுவையைச் சொல்வேன். முள் ஆடி நிற்பதற்குள் எண்ணைப் படித்து, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த ஆட்டத்துக்குள் அரைக் கிலோ இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம். எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் முதல் மாதமே இதைச் சொல்லிவிட்டார். ஸ்டோர் என்கிற தொழிற்சாலையின் நிறையும் மலை நிறையும் ஒத்துப்போனால் தோட்டத்தை நடத்தும் துரை எதுவும் கேட்க மாட்டார். அந்த மொத்தத்துக்குள் ஆளுக்கு எவ்வளவு என்பது கணக்கப்பிள்ளையின் பேனாவுக்குத்தான் தெரியும்.

அந்தப் பெரியவரைப் போல அதை ஆளடக்கப் பயன்படுத்தவில்லை என்பதே எனக்கு நான் சொல்லிக்கொள்ளும் சமாதானம். என் அம்மாவும் கொழுந்தெடுத்தவர். 17 கிலோவில் நின்று போகிறவர்கள் யார், வீட்டில் என்ன நிலைமை என்று எனக்குத் தெரியும். 28, 30 என்று எடுக்கிற கைகாரிகளிடம் நிறுவைக்குக் கால் கிலோ குறைத்து எழுதி, அதை இந்தப் பக்கம் சேர்ப்பேன். கணக்கைப் பாருங்கள். 2021 மார்ச்சிலிருந்து நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தது. 18 கிலோ எட்டாவிட்டால் எங்கள் தோட்டத்தில் அரைப் பேர், அதாவது 500 ரூபா போச்சு. பேருக்கு மேல் எடுத்த கிலோவுக்கு அப்போது கிடைத்தது 40 ரூபா. 17.4இல் நிற்பவருக்கு வேண்டிய 0.6 கிலோவுக்காக ஒருவரிடம் 24 ரூபா குறைந்தால் இன்னொருவரிடம் 500 ரூபா நிற்கும். இதைத் தவறு என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

ஆனால் அந்த 24 ரூபா யாரைக் கேட்டு எடுத்தது?

இலத்திரனியல் தராசு வந்தபோது நான் முரண்டு பிடிக்கவில்லை. நாற்பத்தேழு வயதில் ஒற்றை விரலால் தட்டிப் பழகினேன். அட்டையைக் காட்ட வேண்டும், சாக்கைத் தொங்கவிட வேண்டும். சாக்கின் எடையை அதுவே கழித்துக்கொண்டு, புளூடூத் வழியாகக் கைக்கருவிக்கு எண்ணை அனுப்பிவிடும். நான் எழுத எதுவும் இல்லை. மூன்றே மாதத்தில் மற்ற டிவிசன்களின் கணக்கப்பிள்ளைமாருக்குப் பழக்கிக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். தொழில் மாறும்போது மாறத் தெரிந்தவன் என்று பெரிய துரை கூட்டத்தில் என்னைக் காட்டிச் சொன்னார். கைதட்டினார்கள். பிடித்திருந்தது.

காலம்தான் பொல்லாததாக வந்து சேர்ந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் தேயிலைச் செடி அரசாங்க அறிவித்தலைப் படித்துத் தளிர்ப்பதில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி அடுத்த வருடம் 25 கோடியை ஒட்டி விழுந்தது. எங்கள் மலைகளில் அது எப்படித் தெரிந்தது என்றால், 20 எடுத்தவர் 17 எடுத்தார். பாணும் மாவும் எட்டாத விலைக்குப் போன அதே வருடம். அரைக் கிலோ எப்போது அதிகம் தேவைப்பட்டதோ அந்த நேரத்தில்தான் அது என் கையை விட்டுப் போனது.

இப்படி எழுதும்போது நான் நல்லவனாகத் தெரிகிறேன். தராசு கல்நெஞ்சுக்காரன் போலத் தெரிகிறது. அந்த அக்கா கேட்டது இந்தக் கதையை உடைக்கத்தான் என்று பல நாள் கழித்தே எனக்குப் பிடிபட்டது. அவர் டிவிசனிலேயே முதல் கைகாரி. பழைய செக்ரோலை எடுத்துப் பார்த்துக்கொள்ளத் தேவையில்லை. நான் அதிகம் குறைத்து எழுதியது அவரிடம்தான். எட்டாம் வகுப்புப் படித்த அவருடைய மகள் கடைக் கலண்டரின் பின்பக்கத்தில் அம்மாவின் நிறுவையைத் தினமும் எழுதி வைப்பாள் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யாரோ ஒருமுறை சொன்னார்கள். அப்போது அதைக் கேட்டுச் சிரித்தேன். அந்தக் கலண்டரில் புதுத் தராசு வந்த மாதத்திலிருந்து எண்கள் ஏறியிருக்குமே, மலையெல்லாம் கொழுந்து குறைந்த மாதத்தில் அவருடைய கணக்கு மட்டும் ஏறியிருக்குமே என்று இப்போது யோசிக்கிறேன். இல்லாமலும் இருக்கலாம். கலண்டரைக் காட்டச் சொல்லிக் கேட்கும் துணிவு எனக்கில்லை.

சில இரவுகளில் அவருக்குப் பதில் சொல்லிப் பார்ப்பேன். "உங்களுடையதுதான் அக்கா, ஆனால் பக்கத்து லயத்து வீட்டுக்குத்தானே போனது." கேட்க நன்றாக இருக்கிறது. கேட்டிருந்தால் அவரே கொடுத்திருப்பார் என்றும் தோன்றுகிறது. துக்க வீட்டுக்கு அரிசி கொண்டுபோகிற முதல் கை அவருடையதுதான். நான் கேட்கவில்லை. கொடுத்த பெயரை நான் எடுத்துக்கொண்டேன். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் என் வீட்டுக்குத்தான் வந்தன.

அந்த மாலை அந்த அம்மாவுக்கு அரைப் பேர்தான் விழுந்தது. அடுத்து அக்காவின் சாக்குகள் ஏறின, மொத்தம் 26.8. நான் எண்ணை உரக்கப் படித்தேன். அவர் தலையசைத்தார்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரட்டில் நிரை, அதாவது ஆளுக்கொரு செடி வரிசை, பிரித்துக் கொடுக்கும் வேலை இன்னும் என்னிடம்தான் உள்ளது. எந்த நிரையில் கொழுந்து தடித்திருக்கிறது, எது வெற்றிடம் விழுந்து மானாப் புல் ஏறிய நிரை என்று எந்தத் தராசுக்கும் தெரியாது. சில மாதங்களாக முழங்கால் வீங்கிய அம்மாவுக்கு றோட்டுக்குப் பக்கத்து நல்ல நிரை கிடைக்கிறது. தற்செயலாகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு மேட்டு நிரை.

போன வெள்ளிக்கிழமை அக்காவுக்கு மேட்டில் கடைசி நிரை விழுந்தது. "அதுவா ஐயா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். றோட்டு நிரையில் ஏற்கெனவே குனிந்திருந்த அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பை எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்.